கீபோர்டைச் சுத்தம் செய்ய எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கீபோர்டு சுத்தம் செய்ய என்று ஆன்லைன் கடைகளில் தேடிப் பாருங்கள். மஞ்சள் ஜெல், அமுக்கினால் சீறும் காற்று டப்பா, ஏழு வேலை செய்வதாகச் சொல்லும் பேனா வடிவ பிரஷ், யூஎஸ்பியில் ஓடும் குட்டி வாக்குவம் கிளீனர் என்று வரிசையாக வந்து நிற்கும். இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயின்ட் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சின்ன பாட்டில் ஒன்று, ஒரு பழைய பனியன் துணி. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான் வேண்டும். இது போதாத இடங்கள் சில உண்டு. அங்கே எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. உங்கள் கீபோர்டு எந்த வகை? அதில் படிந்திருக்கும் அழுக்கு எந்த வகை?

அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இருப்பது பெரும்பாலும் மெம்பரேன் கீபோர்டு. விசைக்கு அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதற்கும் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில் துளைகள் இருக்கும். விசையை அமுக்கும்போது அந்தத் துளை வழியாக இரண்டும் தொட்டுக்கொள்ளும். தூசி இந்தத் தாள்களுக்கு நடுவே சுலபமாகப் போவதில்லை. தண்ணீர் போய்விடும், போனால் நாள்கணக்கில் வெளியே வராது. இந்த வகையைப் பொறுத்தவரை மற்ற எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

லேப்டாப்பிலும் அடியில் இருப்பது அதே மெம்பரேன்தான். ஆனால் விசையைத் தாங்குவது மெல்லிய இரண்டு பிளாஸ்டிக் கைகள். கத்தரிக்கோல் மாதிரி குறுக்காகக் கோத்திருப்பதால் சிசர் என்று பெயர். இந்தக் கைகளின் நுனியில் இருக்கும் கொக்கி நகத்தைவிட மெல்லியது. போதாக்குறைக்கு, இப்போது வரும் பல லேப்டாப்களில் கீபோர்டை மேல் சட்டத்தோடு சேர்த்து ரிவெட் அடித்துவிடுகிறார்கள். அதை மட்டும் கழற்றி மாற்றுவது பெரும்பாடு.

மூன்றாவது மெக்கானிக்கல். ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், அதன் தலையில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு தண்டு, அதன் மேல் அழுத்தி வைத்த விசை மூடி, அதாவது கீகேப். இழுத்தால் கீகேப் கையோடு வந்துவிடும், அமுக்கினால் திரும்ப உட்கார்ந்துவிடும். சுத்தம் செய்பவருக்கு இதைவிட வசதியான அமைப்பு கிடையாது.

சரி, அழுக்குக்கு வருவோம். முதலில் தூசி, முடி, பிஸ்கட் துகள், மிக்சர் பொடி. இந்தக் காய்ந்த அழுக்கை எடுக்கும்வரை ஈரத்தை அருகில் கொண்டுவரக் கூடாது. தூசியின் மேல் ஈரத் துணியைப் போட்டால் அது சேறாகி விசையின் ஓரமாக உள்ளே இறங்கும். அப்புறம் எந்தக் காற்றாலும் அதைக் கிளப்ப முடியாது.

காய்ந்த அழுக்கை எடுக்கும் வழிகளில் முதலாவது இனாமாகவே கிடைக்கிறது. வயரைப் பிடுங்கி, கீபோர்டைக் கவிழ்த்து, முதுகில் தட்டுவது. கவிழ்த்த நிலையிலேயே பிரஷ்ஷால் வரிசை வரிசையாகத் தள்ளினால் உள்ளே இருந்தது கீழே உதிரும். பலர் கீபோர்டை நிமிர்த்தி வைத்து பிரஷ் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் தூசி ஒரு விசைக்கு அடியிலிருந்து பக்கத்து விசைக்கு அடிக்குக் குடிபோகிறது, அவ்வளவுதான். பிரஷ்ஷின் முடி மென்மையாகவும் கொஞ்சம் நீளமாகவும் இருக்க வேண்டும். பழைய டூத் பிரஷ் விசைகளின் மேல்பக்கத்துக்குச் சரி, இடுக்குக்குள் எட்டாது.

அடுத்தது காற்று. இதில் நாலைந்து வகை இருக்கிறது, விலை வித்தியாசமும் பெரிது. கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் பலூன் ஊதுகுழல்தான் வீட்டு உபயோகத்துக்கு எனக்குப் பிடித்தது. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும், ஈரம் கிடையாது, தீர்ந்துபோகாது. வாயால் ஊதுவதில் எச்சில் துளியும் சேர்ந்து போகிறது, அதை விட்டுவிடுங்கள்.

காற்று டப்பா என்று விற்பதற்குள் இருப்பது காற்றே இல்லை. டைஃப்ளூரோஈத்தேன் அல்லது டெட்ராஃப்ளூரோஈத்தேன் போன்ற ஒரு வாயுவை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருப்பார்கள். டப்பாவை நிமிர்த்திப் பிடித்து அடித்தால் ஆவி மட்டும் வரும். சாய்த்தாலோ கவிழ்த்தாலோ திரவமே பீய்ச்சும். அது படும் இடத்தைச் சட்டென்று உறைய வைக்கும். விரலில் பட்டால் பனிக்காயம் வரும், பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் படியலாம். டைஃப்ளூரோஈத்தேன் தீப்பிடிக்கவும் கூடியது. விடாமல் அடித்தால் டப்பா சில்லிட்டு வேகம் குறைந்துவிடும், மறுபடி சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு நம் ஊரில் ஒரு டப்பாவுக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கீபோர்டைச் சுத்தம் செய்பவருக்கு இது நஷ்டக் கணக்கு.

பத்து இருபது கம்ப்யூட்டர் இருக்கும் இடம் என்றால் கதை வேறு. அங்கே கரன்ட்டில் ஓடும் ப்ளோயர் ஒன்று வாங்கிவிடலாம். சர்வீஸ் கடைகளில் சிபியூ பெட்டியைத் திறந்து ஊதுகிறார்களே, அதேதான். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறில் கிடைக்கும். கீபோர்டுக்கு அதன் முழு வேகம் அதிகம். ஒரு அடி தள்ளிப் பிடித்து, தூசி வேறு மேஜைக்குப் பறக்காதபடி வாசல் பக்கம் பார்த்து ஊத வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஊதித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தத் தொட்டிக்குள் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும், காற்றின் அழுத்தமோ கீகேப்பையே பிடுங்கி எறியும் அளவுக்கு. வேண்டாம்.

வாக்குவம் கிளீனருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. காற்று தூசியைத் தள்ளுகிறது, வாக்குவம் வெளியே எடுக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பிரஷ் முனையை மாட்டி, குழாயின் வாயில் மெல்லிய துணியைக் கட்டிப் பயன்படுத்தலாம். துணி இல்லாவிட்டால் ஆடிக்கொண்டிருக்கும் விசை பைக்குள் போய்விடும். யூஎஸ்பி வாக்குவத்துக்கு ஒரு மிக்சர் கடலையை இழுக்கவே தெம்பு போதாது.

காற்றைத் தவிர வேறு வழியே இல்லாத ஒரு கேஸும் உண்டு. 2015இல் ஆப்பிள் தன் மேக்புக்கில் பட்டர்ஃபிளை என்ற மெலிந்த கீபோர்டைக் கொண்டுவந்தது. மேக்புக் ப்ரோ, ஏர் ஆகியவற்றுக்கும் அது பரவியது. விசைக்கு அடியில் இடமே இல்லாததால் ஒரு துகள் புகுந்தாலே எழுத்து விழாமல் போகும், இல்லையென்றால் இரண்டு தடவை விழும். புகார்கள் குவிந்து, 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள். 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் சிசர் அமைப்புக்கே திரும்பிவிட்டார்கள். பட்டர்ஃபிளை மேக்புக்குகள் இன்னும் செகண்ட் ஹேண்டில் கைமாறுகின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், ஆப்பிள் சொல்லும் முறை இது: லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்து இடமிருந்து வலமாக வரிசையாகக் காற்று அடிப்பது, பிறகு வலப்பக்கம் திருப்பி ஒரு முறை, இடப்பக்கம் திருப்பி ஒரு முறை. விசையைக் கழற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம்.

ஜெல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே இருக்கும் தூசியை ஒட்டி எடுக்கும், விசைகளின் இடுக்கில் அழுத்தி எடுத்தால் கொஞ்சம் ஆழத்திலிருந்தும் எடுக்கும். முதல் இரண்டு முறை வேடிக்கையாகவும் இருக்கும். ஆனால் இது தண்ணீரும் பசையும் கலந்த சமாச்சாரம். மே மாத வெயிலில் இளகிவிடும், இளகியதை அழுத்தினால் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். தூசி எடுக்கப் போய் பசையை வைத்துவிட்டு வருவதற்குக் காசு கொடுப்பானேன்?

இனி பிசுக்கு. விரல் எண்ணெய், தலையில் தடவிய எண்ணெய், பஜ்ஜி தின்ற கை. விசைகள் பளபளவென்று மின்னினால் அது பாதி இந்த எண்ணெய், மீதி பிளாஸ்டிக் தேய்மானம். தேய்மானம் துடைத்தால் போகாது, ஏபிஎஸ் பிளாஸ்டிக் விசைகளுக்கு அது விதி. எண்ணெய்க்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்ல மருந்து. மொபைல் ஸ்பேர்ஸ் கடைகளில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 70 சதவீதமா, 99 சதவீதமா என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது. 99 சீக்கிரம் ஆவியாகும், எலெக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்குப் பாதுகாப்பு அதிகம். 70இல் தண்ணீர் கலந்திருப்பதால் மெதுவாக ஆவியாகி, கிருமியைக் கொல்ல நேரம் கொடுக்கும். மேல்பரப்பைத் துடைக்க எது கிடைத்தாலும் சரி. விசைகளுக்கு அடியில் பஞ்சுக் குச்சியை விடப் போகிறீர்கள் என்றால் 99 வாங்குங்கள். எதுவானாலும் துணியில்தான் ஊற்ற வேண்டும், கீபோர்டு மேல் அல்ல. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பும் விளக்கும் தள்ளியே இருக்கட்டும்.

ஆல்கஹாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மலிவான கீபோர்டுகளில் எழுத்துகளை மேலாக அச்சிட்டிருப்பார்கள். அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு எழுத்தும் போகும். யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையில் முதலில் தேய்த்துப் பாருங்கள், துணியில் சாயம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். லேசரால் பொறித்த எழுத்து தாங்கும். டபுள் ஷாட் என்று சொல்லும் கீகேப்களில் எழுத்தே தனிப் பிளாஸ்டிக், அது அழியாது. தமிழ்99 விசையமைப்புக்கான எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டு என்றால் ஆல்கஹால் அந்தப் பசையை இளக்கிவிடும். அங்கே, சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணிதான் சரி. மாறாக, பழைய ஸ்டிக்கர் உரிந்து பசை மட்டும் பிசுபிசுக்கிறது என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, அந்த எண்ணெயை ஆல்கஹாலால் எடுத்துவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் மூன்றும் மேஜைப் பக்கமே வரக் கூடாது. ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

கொரோனா காலத்திலிருந்து வீட்டில் மிச்சமிருக்கும் சானிட்டைசரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். அதில் கைத்தோல் காயாமல் இருக்க கிளிசரின் சேர்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் தந்த செய்முறையிலேயே அது 1.45 சதவீதம் இருக்கிறது. ஆல்கஹால் ஆவியானதும் கிளிசரின் தங்கி, மறுநாள் வரும் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜெல் வகை சானிட்டைசரில் பசையும் சேரும். கைக்கு வாங்கியது கைக்கே இருக்கட்டும்.

கிருமி பற்றிய பேச்சை எடுத்தால் கழிப்பறை ஒப்பீடு வந்துவிடும். அரிசோனா பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் சார்லஸ் கெர்பா 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு சதுர அங்குலத்துக்கு கீபோர்டில் 3,295 பாக்டீரியாக்கள், கழிப்பறை இருக்கையில் 49. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கிருமிநாசினித் துடைப்பான் விற்கும் க்ளோராக்ஸ் நிறுவனம். கழிப்பறை இருக்கை காய்ந்த, அடிக்கடி கழுவப்படும் பரப்பு என்பதால் அதோடு ஒப்பிட்டால் எதுவுமே மோசமாகத்தான் தெரியும். உங்கள் கீபோர்டில் இருப்பது பெரும்பாலும் உங்கள் கைக் கிருமிதான். ஷிப்ட் மாறி மாறி நாலு பேர் தட்டும் இடம், இ-சேவை மையம், ஆஸ்பத்திரி கவுன்டர் போன்ற இடங்களில் மட்டும் 70 சதவீத ஆல்கஹாலால் தினமும் துடைப்பதில் அர்த்தம் இருக்கிறது. தனி ஆள் மட்டும் உபயோகிக்கும் கீபோர்டுக்கு மாதம் ஒரு முறை தாராளம்.

விசைகளைக் கழற்றிக் கழுவுவது அடுத்த கட்டம். மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஹோம், எண்ட், இன்செர்ட் எல்லாம் எங்கே இருந்தன என்று தலையைச் சொறிய வேண்டிவரும். கழற்றுவதற்குக் கம்பி வைத்த புல்லர் நல்லது. பிளாஸ்டிக் வளையம் வைத்த புல்லர் கீகேப்பின் பக்கவாட்டில் கீறிவிடும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிப்ட் ஆகிய நீள விசைகளுக்கு அடியில், ஒரு பக்கம் சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி இருக்கும், அவற்றை இரண்டு பக்கமும் சமமாக மெதுவாகத் தூக்க வேண்டும். கழற்றிய கீகேப்களை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, அரைமணி ஊற வைத்து அலசினால் போதும். கொதிநீர் கூடாது, வளைந்துவிடும். காய வைப்பது நிழலில், துளை கீழ்நோக்கி, ஒரு முழு நாள். தண்டு மாட்டும் துளைக்குள் ஒளிந்திருக்கும் துளி கடைசியில்தான் காயும். அவை காயும் நேரத்தில் சுவிட்சுகளுக்கு நடுவே பிரஷ் போட்டுவிடலாம். மூடியிருந்த இடத்தில் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் குமட்டும்.

மெம்பரேன் கீபோர்டிலும் விசைகளைக் கழற்றலாம், தட்டையான ஒன்றை அடியில் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். திரும்ப மாட்டுவதில் ஸ்பேஸ் பார் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். நூறு விசையையும் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். ஐந்நூறு ரூபாய் கீபோர்டுக்கு அந்த ஒரு மணி தகுமா என்பது உங்கள் நேரத்தின் விலையைப் பொறுத்தது. தகும் என்றால் பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல் சட்டத்தை விசைகளோடு அப்படியே குழாயடியில் கழுவுவது இன்னும் சுருக்கமான வழி. மூன்று தாள்களையும் சர்க்யூட்டையும் மட்டும் கழுவாமல் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். லேப்டாப்பில் விசையைக் கழற்றாதீர்கள். கொக்கி உடைந்தால் அந்த ஒரு விசைக்கு ஸ்பேர் தேடுவது பெரிய அலைச்சல்.

டிஷ்வாஷரில் போட்டு எடுத்ததாகச் சொல்லும் வெளிநாட்டு வீடியோக்கள் உண்டு. சூடு, காரமான சோப்பு, தண்ணீரின் வேகம் மூன்றும் சேர்ந்து சிலது பிழைக்கும், சிலது சாகும். கழுவவே வேண்டும் என்றால் அதற்கென்றே செய்தது இருக்கிறது. லாஜிடெக் 2012இல் கே310 என்று ஒன்று கொண்டுவந்தது. பின்பக்கம் வடிகால் துளைகளோடு, 30 சென்டிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் முக்கிக் கையால் கழுவலாம், யூஎஸ்பி முனை மட்டும் நனையக் கூடாது.

டீ கொட்டிய கேஸை மட்டும் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே ஆல்கஹாலின் பெருமை எடுபடாது. சர்க்கரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பாலும் சர்க்கரையும் காய்ந்து ஒட்டிய விசையை 99 சதவீத ஆல்கஹாலால் நூறு தடவை துடைத்தாலும் அது மறுபடி ஒட்டும். உடனே வயரைப் பிடுங்கி, பேட்டரி இருந்தால் கழற்றி, கவிழ்த்து வடியவிடுங்கள். மெக்கானிக்கல் என்றால் கீகேப்களைக் கழற்றி, கொட்டிய இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அலசலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அதுதான். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு காய்ந்ததும் தங்கிவிடும் என்பதால்தான் இது. மெம்பரேன் என்றால் பிரித்து, மூன்று தாள்களையும் ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து, தனித்தனியாக ஃபேனுக்கு அடியில் காய வைக்க வேண்டும். ஹேர் டிரையர் சூடு தாள்களை நெளிய வைக்கும். அரிசி டப்பாவில் புதைப்பதால் அரிசி மாவு உள்ளே போவதுதான் மிச்சம். சர்க்கரையை அப்படியே விட்டால் எறும்பு வரும். வந்த எறும்புக்குப் பூச்சி மருந்து அடித்தால் அதிலிருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

லேப்டாப்பில் டீ கொட்டினால் மேலே சொன்னது எதுவும் செல்லாது. பவர் பட்டனை அணையும்வரை அமுக்கிப் பிடித்து, சார்ஜரைப் பிடுங்கி, திறந்த நிலையில் கவிழ்த்து ஒரு டவல் மேல் வைத்துவிட்டு சர்வீஸ் கடைக்குப் போவதுதான் வழி. சில திங்க்பேட் மாடல்களில் கீபோர்டுக்கு அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கும், மற்றவற்றில் கொட்டியது நேராக மதர்போர்டுக்குத்தான் போகும். வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஆன் செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. ஈரத்தில் கரன்ட் பாய்ந்தால் போர்டு போய்விடும். கடைக்காரரிடம் கீபோர்டு மட்டும் தனியாக மாற்ற முடியுமா, மேல் சட்டத்தோடு சேர்த்துத்தானா என்று முதலிலேயே கேட்டு, இரண்டுக்கும் விலை வாங்கிக்கொண்டு அப்புறம் சரி சொல்லுங்கள். சட்டத்தோடுதான் என்றால், மிஷினுக்கும் வயதாகிவிட்டதென்றால், எண்ணூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிச் செருகிக்கொண்டு ஓட்டுவதும் ஒரு தீர்வுதான். வீட்டு மேஜையில் மட்டும் உபயோகிக்கும் லேப்டாப்பாக இருந்தால் நான் அதைத்தான் செய்வேன்.